பனிப்பொழிவின்போது இடி எப்படி வருகிறது, அதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

அண்ணாச்சி, அமெரிக்காவின் பஃபலோ நகரில் வேலை பார்க்கும் தங்கள் மகன், பனி கொட்டிக்கொண்டிருந்த இரவில் இடி முழங்கியதாகத் தொலைபேசியில் சொன்னதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் தரை கொதித்தால்தான் சாயங்காலம் இடி வரும் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது எப்படிப் பொருந்தும் என்றும், அங்குள்ள வானிலை அலுவலகத்தார் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்களா என்றும், மகன் காரில் வேலைக்குப் போய்வருவதால் எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வானிலைக் கணிப்பில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், இது எனக்கு மிகவும் பிடித்தமான பொருள் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இடிக்கு வேண்டியது சூடான தரை அன்று. மேகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட குளிர்நிலையில் பனிப்படிகங்களும் உறையாத நீர்த்துளிகளும் ஒருங்கே இருக்க வேண்டும். அவற்றைத் தாங்கி நிறுத்தும் அளவுக்கு விரைவாகக் காற்று மேலேற வேண்டும். சூடான தரை என்பது அந்த மேலேற்றத்தை உண்டாக்கும் வழிகளுள் ஒன்று மட்டுமே. நம் ஊரில் அதுவே கண்ணுக்குத் தெரிகிற வழியாக இருப்பதால், அதுதான் காரணம் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

இதற்கு நம் மாவட்டமே நல்ல சான்று தரும். ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேகங்கள் குற்றாலத்தில் நாள் முழுக்கச் சாரலாக விழுகின்றன. அருவியில் தண்ணீர் ஆர்ப்பரிக்கிறது. ஆனால் அந்தச் சாரலுடன் இடி வருவது அரிது. ஐப்பசியிலோ, பிற்பகலில் மேற்கே பொதிகை மலைப் பக்கம் கறுத்து எழும் ஒரே ஒரு மேகம் அரை மணி நேரம் மட்டும் பெய்தாலும் வீடே அதிரும்படி இடிக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு மழையின் அளவு காரணமல்ல, மேகத்தின் உயரமே காரணம். நம் பகுதியின் வானத்தில் வெப்பநிலை பூஜ்யம் பாகைக்கு இறங்குவது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில். சாரல் மேகங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே முடிந்துவிடுவதால் அவற்றில் இருப்பது வெறும் நீர்த்துளிகளே. ஐப்பசி மேகம் 12 கிலோமீட்டருக்கும் மேலே எழும். வழியில் கழித்தல் 10 பாகை முதல் கழித்தல் 20 பாகை செல்சியஸ் வரையிலான அடுக்கைக் கடந்து செல்லும். மின்னலுக்கான மின்னூட்டம் முக்கியமாக உருவாவது அந்த அடுக்கில்தான்.

அங்கே நடப்பது இதுதான். தூய்மையான சிறு நீர்த்துளிகள் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உடனே உறைவதில்லை. கழித்தல் 15 பாகையிலும் நீராகவே மிதக்கும். இவற்றை மீக்குளிர் நீர்த்துளிகள் என்கிறோம். கீழ்நோக்கி விழுந்துகொண்டிருக்கும் ஒரு பனிப்படிகத்தின் மீது இத்துளிகள் மோதி அந்தக் கணமே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இப்படி ஒட்டி ஒட்டிப் பருத்தது ஒரு வெண்மையான, மெத்தென்ற உருண்டையாகிறது. கிராப்பல் என்று வானிலையாளர் சொல்லும் இதை நாம் பனிக்குருணை எனலாம். நம் ஊரில் கோடை மழையோடு எப்போதாவது விழும் ஆலங்கட்டியும் இவ்வாறு தொடங்கி வளர்ந்ததே. மீக்குளிர் நீர் சூழ்ந்த இடத்தில் பனிக்குருணையும் இலேசான பனிப்படிகங்களும் மோதி விலகும்போது, போதுமான குளிர் இருந்தால் குருணை எதிர்மின்னூட்டமும் படிகம் நேர்மின்னூட்டமும் பெறுகின்றன. 1978-இல் தகாஹாஷி வெளியிட்ட ஆய்வகச் சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. படிகங்களை மேலேறும் காற்று உச்சிக்குத் தூக்கிச் செல்ல, கனமான குருணைகள் கீழே தங்க, மேகத்தின் இரு பகுதிகளுக்கிடையே மின்னழுத்தம் பெருகி மின்னலாக உடைகிறது. கீழே தரையில் வெப்பநிலை 35 பாகையா, கழித்தல் 3 பாகையா என்பது இந்த நிகழ்ச்சிக்கு நேரடியாகப் பொருட்டே இல்லை.

இங்கிருந்து, பலரும் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது; பனி இடியைக் கணிப்பவர் முதலில் கற்க வேண்டியதும் இதுவே. குளிர் கூடக்கூட இடிக்கான வாய்ப்பு கூடுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் குறைகிறது. மேகம் முழுவதும் கடுங்குளிரில் இருந்தால் மீக்குளிர் நீர் எஞ்சாது, எல்லாம் படிகமாகிவிடும், குருணை உருவாக வழியில்லை. பனி எவ்வளவு கொட்டினாலும் வானம் மௌனமாகவே இருக்கும்.

ஜப்பானின் மேற்குக் கரையில் ஹொக்குரிக்கு என்ற பகுதி இதற்கு உலகிலேயே சிறந்த காட்சியிடம். சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று, ஒப்புநோக்க வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடந்து வரும்போது கீழிருந்து வெப்பமும் ஈரமும் ஏற்றிக்கொண்டு, கரையை அடைவதற்குள் மேகக் கூட்டமாகிவிடுகிறது. அங்குள்ள கனசாவா நகரில் ஆண்டுக்கு 40 நாட்களுக்கு மேல் இடி கேட்கிறது. அவற்றில் பெரும்பகுதி குளிர்காலத்தில். அந்தக் கரையின் மீனவர்கள் குளிர்காலத் தொடக்கத்து இடியைக் குறிப்பிட்ட ஒரு மீன் வரவின் அறிகுறியாகக் கொள்கிறார்கள். அங்கு கழித்தல் 10 பாகை அடுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே இடியை மதிப்பிடுகிறார்கள். அது 1.8 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் மின்னல் நன்றாக இருக்கும், 1.4 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் மேகம் மிகக் குளிர்ந்தும் மெலிந்தும் போய் மின்னல் அநேகமாக நின்றுவிடும். ஆகவே அங்கு இடி அதிகம் கேட்பது கடுங்குளிர் வேரூன்றிய ஜனவரிக் கடைசியைவிட நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். நம் வானத்தில் ஏழு கிலோமீட்டரை ஒட்டி இருக்கும் அதே அடுக்கு அங்கே பனைமரங்கள் சிலவற்றை அடுக்கினால் எட்டிவிடும் உயரம் இல்லை என்றாலும், பொதிகையின் உச்சிக்கு, அதாவது 1,868 மீட்டருக்கு, ஒப்பான உயரத்தில் இருக்கிறது. மேகத்துக்குள் நடக்கும் வேலை ஒன்றே. நடக்கும் தளம்தான் வேறு.

தங்கள் மகன் இருக்கும் பஃபலோவுக்கு வருவோம். அந்நகரம் ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. ஏரியின் நீளம் 388 கிலோமீட்டர்; அகலம் அதிகபட்சம் 92 கிலோமீட்டர். மேற்குத் தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஏரியின் நீளவாக்கிலேயே முழுத் தொலைவும் ஓடி வந்து நேராக அந்த முனையில் கரையேறும். கோடை முழுதும் வெயிலில் சூடேறிய நீர், கார்த்திகை வந்தபின்னும் எளிதில் ஆறுவதில்லை. அதன் மீது கனடாவின் குளிர்காற்று பாயும்போது, கீழே வெதுவெதுப்பும் மேலே குளிரும் அமைந்து காற்று தானாகவே எழும்பத் தொடங்குகிறது. ஏரியால் விளையும் இந்தப் பனியை எப்படிக் கணிப்பது என்பதை, பஃபலோ வானிலை அலுவலகத்தில் பணியாற்றிய டாம் நிசியோல் 1987-இல் முறைப்படுத்தி எழுதினார். இன்றும் அங்கு முதலில் பார்க்கப்படுவது ஏரி நீரின் வெப்பநிலைக்கும், 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், காற்றின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசமே. அது குறைந்தது 13 பாகையாவது இருக்க வேண்டும் என்பது விதி. இந்த எண் எங்கிருந்தோ வந்ததன்று. ஈரம் செறியாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 பாகை குளிரும். ஏரிப்பரப்பிலிருந்து அந்த அடுக்குக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர், இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே 13. அந்த வித்தியாசம் இருந்தால், ஏரியைத் தொட்டு எழும் காற்று சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராமல் மேலேறிக்கொண்டே போக முடியும்.

பனி வரும் என்று சொல்ல அது போதும். இடி வரும் என்று சொல்லப் போதாது. அதற்கு மேகம் எவ்வளவு உயரம் வளர முடியும் என்று பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வெதுவெதுப்பான அடுக்கு மூடியைப் போலப் படர்ந்து, மேகத்தை அதற்கு மேல் வளரவிடாமல் தடுத்துவிடும். காற்றழுத்தப் பள்ளம் ஒன்று மேலே கடந்து செல்லும்போது அந்த மூடி உயர்கிறது அல்லது அழிகிறது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நவம்பர் நடுவில் ஏரி நீர் 9 பாகை என்றும், 850 ஹெக்டோபாஸ்கலில் காற்று கழித்தல் 8 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 17, பனி உறுதி. கழித்தல் 10 பாகை அடுக்கு 1.8 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் 5 கிலோமீட்டர் வரை, கழித்தல் 30 பாகை வரை வளர இடமிருக்கிறது. அப்படியானால் மேகத்தின் நடுப்பகுதி முழுவதும் குருணைக்கும் மின்னூட்டத்துக்கும் உகந்த அடுக்கில் அமைகிறது; அறிக்கையில் இடியையும் சேர்த்து எழுதத் தயங்க வேண்டியதில்லை. அதே ஏரியின் மீது ஜனவரியில், நீர் 2 பாகையும் மேலே கழித்தல் 20 பாகையும் இருக்கும்போது வித்தியாசம் 22. ஆனால் கழித்தல் 10 பாகை அடுக்கு தரையை ஒட்டி வந்துவிடுகிறது. பனி பொடிப்பொடியாகக் கொட்டும். இடியை எதிர்பார்க்க மாட்டேன். வித்தியாசத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது நாளையே ஆபத்தானதென்று முடிவு செய்வார். நியூயார்க் மாநிலத்தின் மேற்கிலும் யூட்டாவிலும் மின்னலோடு வந்த ஏரிப் பனியையும் மின்னலின்றி வந்ததையும் ஒப்பிட்ட ஆய்விலும், மின்னல் வந்த நாட்களில் கீழ்வளிமண்டலம் கூடுதல் வெப்பத்தோடும் ஈரத்தோடும் இருந்ததே வேறுபாடாகத் தெரிந்தது.

2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் பஃபலோவில் நடந்தது இதற்குப் பெரும் சான்று. ஏரி நீர் அப்போது ஏறத்தாழ 17 பாகையில், கோடையின் வெப்பம் இன்னும் தணியாமல் இருந்தது. மரங்களில் இலை உதிர்ந்திருக்கவில்லை. முறைப்படி பனிக்காலம் தொடங்கும் முன்பே வந்த குளிர்காற்று, இடி மின்னலோடு விமான நிலையத்தில் 57 சென்டிமீட்டர் பனியைக் கொட்டிவிட்டுப் போயிற்று. இலை தழைத்த கிளைகள் ஈரப்பனியின் பாரம் தாங்காமல் ஊரெங்கும் முறிந்து மின்கம்பிகளின் மீது விழுந்தன. குளிர் குறைவாக இருந்ததே அங்கே கேட்டை விளைவித்தது.

அடுத்த சிக்கல் இடத்தைப் பற்றியது. இதில்தான் கணிப்பாளர் உண்மையில் திணறுகிறார். நீளவாக்கில் காற்று ஓடும்போது ஏரியின் மேல் மேகங்கள் ஒரே பட்டையாகத் திரள்கின்றன. அந்தப் பட்டை 15 அல்லது 20 கிலோமீட்டர் அகலமே இருக்கும். அதன் கீழே மணிக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை பனி சேரும். வெளியே நிலவு தெரியும். தரைக்கும் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையே காற்றின் திசை 30 பாகைக்குள் ஒத்திருந்தால் பட்டை இறுகி நிற்கும். 60 பாகைக்கு மேல் மாறினால் சிதறிப்போகும். காற்று 10 பாகை திரும்பினாலே பட்டை பல கிலோமீட்டர் நகர்ந்துவிடும். 2014 நவம்பரில் பஃபலோவின் தென்புறப் பகுதிகளில் ஐந்து அடிக்கு மேல் பனி குவிந்தபோது, சில கிலோமீட்டர் வடக்கே சில அங்குலங்களே விழுந்தன. 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே உள்ள ஆர்ச்சர்ட் பார்க் என்ற ஊரில் 2 மீட்டர் அளவுக்குப் பனி விழுந்தபோதும் இதே கதைதான். இரண்டிலும் இடி கேட்டது.

நம் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் மழை பதிவானதை, தாமிரபரணிக் கரையில் வாழும் எவரும் மறக்க மாட்டார். இவ்வளவு பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கிடையே 26 சென்டிமீட்டர் வித்தியாசம். அந்த வித்தியாசமே பல ஊர்களின் ஓராண்டு மழையில் கணிசமான பகுதி. வெப்பச்சலனம் கலந்த எந்தப் பொழிவும், அது மழையாயினும் பனியாயினும், இவ்வாறே நடந்துகொள்ளும். எந்த வட்டாரம் என்பதை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே நம்பிக்கையோடு சொல்லலாம். எந்த ஊர் என்பதை அன்றன்று, அதுவும் மணிக்கணக்கில்தான் சொல்ல முடியும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத அறிக்கை, எவ்வளவு திறமையாகத் தயாரிக்கப்பட்டிருந்தாலும், மக்களுக்கு நேர்மையான அறிக்கை ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

ஏரியோ கடலோ அருகில் இல்லாத இடங்களிலும் பனியோடு இடி வருகிறது. அதைக் கணிப்பது இன்னும் கடினம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் குளிர்காலத்தில் பெரிய காற்றழுத்தத் தாழ்வு ஒன்று நகரும்போது, அதன் மையத்துக்கு வடகிழக்கிலும் வடமேற்கிலும் தரையை ஒட்டிக் கடுங்குளிர் காற்று கனமான தலையணை போலப் படிந்திருக்கும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று அதைத் துளைக்க முடியாமல், அதன் மேலேறிச் செல்லும். அதற்கும் மேலே வறண்ட குளிர்காற்று வந்து படரும்போது, ஈரக்காற்றின் மேற்பகுதி நிலைகுலைந்து, இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கி மேகம் செங்குத்தாக எழுகிறது. தரையில் நிற்பவருக்கு எல்லாம் உறைந்து அமைதியாக இருப்பதாகத் தோன்றும். கொந்தளிப்பு முழுவதும் தலைக்கு மேலே. 2011 பிப்ரவரித் தொடக்கத்தில் சிகாகோவில் 54 சென்டிமீட்டர் பனி பெய்தபோது இடியும் மின்னலுமாக இருந்ததற்கு இந்த அமைப்பு ஒரு முக்கிய காரணம்.

ஆகவே இத்தகைய நாளில் தரையிலிருந்து ஒரு சிறு காற்றுத் திரளை உயர்த்தினால் அது தானாகவே மேலும் எழும்புமா என்று பார்த்து நிலையின்மையைக் கணக்கிடும் வழக்கமான முறை பூஜ்யத்தையே காட்டும். பலூனில் கட்டி அனுப்பிய கருவி தரும் தரவில், தரைக் குளிரடுக்கின் மேல்விளிம்புக்கு மேலே, எந்த உயரத்துக் காற்று எழுவதற்கு மிகவும் தயாராக இருக்கிறதோ அதைத் தேடி எடுத்துக் கணக்கிட வேண்டும். வெப்பச்சலனத்துக்குக் கிடைக்கும் ஆற்றலைக் கேப் என்ற அளவால் சொல்கிறோம். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் அது கிலோகிராமுக்கு 2,000 ஜூல் என்ற அளவைத் தாண்டுவது சாதாரணம். பனி இடிக்கோ சில நூறு ஜூல், சில சமயம் அதற்கும் குறைவாக இருந்தாலே போதும். நம் அனுபவத்தில் ஊறிய கண்ணுக்கு அந்த எண் ஒன்றுமில்லாததாகத் தெரியும். ஆனால் அங்கே மின்னூட்ட அடுக்கு தாழ்வாக இருப்பதால், எழும் காற்று நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

சில நாட்களில் செங்குத்தாகப் பார்த்தால் காற்று நிலையாக இருக்கும். கிடைமட்டமாகத் தள்ளிப் பார்த்தாலும் நிலையாகவே இருக்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட சாய்வில் தள்ளினால் அது நிற்காமல் ஓடும். உயரம் கூடக்கூடக் காற்று வேகம் மிக விரைவாகக் கூடும் இடங்களில், ஈரம் செறிந்த காற்றில் இந்தச் சாய்வு நிலையின்மை ஏற்படுகிறது. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் வெப்ப எல்லை இறுகும் இடத்துக்கு இணையாக, நீண்ட பனிப்பட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக அமைவதற்கு இது ஒரு காரணம். இதை அறிய, வெப்ப எல்லைக்குக் குறுக்காக வளிமண்டலத்தை வெட்டியதைப் போல ஒரு படம் வரைந்து பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சாய்வு ஏற்றத்தை மட்டும் வைத்து இடியை அறிவிப்பதை நான் ஏற்பதில்லை. சாய்வாக ஏறும் காற்று மெதுவானது. குருணையைத் தாங்கும் வலு அதற்குப் பொதுவாக இருப்பதில்லை. சாய்வாக ஏறியபின், மேலே நிலையற்ற ஓர் இடத்தை அடைந்து அங்கிருந்து செங்குத்தாக எழும்போதே மின்னல் பிறக்கிறது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையது. எனவே சாய்வைப் பார்த்துப் பனிப்பட்டையை எதிர்பார்க்கலாம். இடியை எதிர்பார்க்க, அந்தப் பட்டைக்கு மேலே செங்குத்து நிலையின்மை ஒரு மெல்லிய அடுக்காகவாவது இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பனியின் உயர அளவைச் சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு சென்டிமீட்டர் நீர் பத்து சென்டிமீட்டர் பனியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆறு கிளைகளோடு விரியும் நட்சத்திரப் படிகங்கள் கழித்தல் 12 முதல் கழித்தல் 18 பாகைக்குள் வளர்கின்றன. வலுவான மேலேற்றம் அந்த அடுக்கில் அமைந்தால் பனி பஞ்சாகப் படிந்து பத்துக்குப் பதில் 15, 20 மடங்கு உயரும். மீக்குளிர் நீர் ஒட்டிக் குருணையாகிவிட்ட பனியோ கனத்து, அடர்ந்து, குறைந்த உயரமே காட்டும். இடி கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டும் மாறிமாறி விழுவதும் உண்டு. மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அடுத்த முறை பனி வலுத்து, இடி இன்னும் கேட்காதபோது, வாசற்கூரையின் அடியில் நின்றபடி, கறுப்புக் கம்பளிச் சட்டையின் கையைச் சற்று வெளியே நீட்டி, அதில் விழுவதைப் பார்க்கட்டும். பூவேலை போன்ற ஆறுமுனைப் படிகம் தனியாகத் தெரியும். சவ்வரிசி அளவில், வெண்மையாக, துணியில் பட்டுத் துள்ளி, விரலால் நசுக்கினால் பொடியும் உருண்டைகள் விழுந்தால், அவைதாம் குருணைகள். மின்னூட்டம் உருவாக்கியவை அவையே. பார்த்தவுடன் உள்ளே போய்விட வேண்டும்.

நிகழ்வு நெருங்கியபின் கணினி மாதிரிகளைவிடக் கருவிகளின் பதிவே முக்கியம். 3 கிலோமீட்டர் கட்டங்களில் மணிக்கொரு முறை புதிதாகக் கணக்கிடும் மாதிரி அமெரிக்காவில் இயங்குகிறது. அது பட்டையின் உருவத்தை நன்றாகவே காட்டும், இடத்தில் சில கிலோமீட்டர் தவறும். ராடாரில் பனிப்பட்டை தெரியும். ஆனால் ஏரிப்பனி மேகம் தாழ்வானது. ராடார் கற்றை, மிகத் தாழ்ந்த அரைப் பாகைக் கோணத்தில் சென்றாலும், 100 கிலோமீட்டர் தொலைவில் பூமியின் வளைவினால் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். மேகத்தின் கீழ்ப்பாதியை அது காணாமலே தாண்டிவிடும். திருவனந்தபுரத்து ராடாருக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் மலைக்கு இந்தப்புறம் பெய்வது சரியாகத் தெரியாமல் போவதை நாம் அறிவோம். அங்கே மலைக்குப் பதில் பூமியின் வளைவு அந்த வேலையைச் செய்கிறது. மின்னல் பதிவுக் கருவிகளும், அமெரிக்காவின் கோஸ் வகை வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள மின்னல் நோக்கியும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

பனியில் வரும் மின்னலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எண்ணிக்கை குறைவு, ஆனால் உயர்ந்த கோபுரங்களிலிருந்து மேல்நோக்கிக் கிளம்புவதும், நேர்மின்னூட்டம் கொண்டதாய் மிகுந்த ஆற்றலோடு இறங்குவதும் அதிகம். மின்னூட்டப் பகுதி தரைக்கு அருகில் இருப்பதே இதற்குக் காரணம். ஹொக்குரிக்குக் கரையில் காற்றாலைகளின் இறக்கைகள் இவ்வாறு பலமுறை சிதைந்திருக்கின்றன. கயத்தாற்றிலும் பணகுடியிலும் நாம் பார்க்கும் அதே வகைக் காற்றாலைகள்தாம். ஆனால் அங்கே அவற்றுக்கு மின்னல் காப்பு மிகக் கடுமையாக வகுக்கப்பட்டுள்ளது.

இனி மகனுக்குச் சொல்ல வேண்டியவை. கொட்டும் பனி ஒலியை உறிஞ்சிவிடும். நம் ஊரில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் உறுமும் இடியும் காதுக்கு எட்டும். பனியில் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தாலே கேட்கும். ஆகவே இடி கேட்டது என்றால் அவர் அந்தப் பட்டைக்கு அடியிலேயே இருக்கிறார் என்று பொருள். மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் மார்க்கெட் குழுவினர் செய்த ஆய்வில், பனியோடு மின்னல் பதிவானால் அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டருக்குள் குறைந்தது 15 சென்டிமீட்டர் பனி விழுவதற்கு 86 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகத் தெரியவந்தது. மின்னல் தாக்கும் அபாயத்தைவிட, அடுத்த அரை மணி நேரத்தில் சாலையே தெரியாமல் போகும் அபாயம்தான் அங்கே பெரிது. நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதுவது அப்போதுதான். 2018 முதல் அமெரிக்க வானிலைச் சேவை, திடீர்ப் பனிவீச்சுக்கெனத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. சிறு பகுதிக்கு, குறுகிய நேரத்துக்கு மட்டும் பொருந்தும் அறிவிப்பு அது. பட்டை ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் ஏரிப்பனிக்கு, நாள் முழுக்கப் பொருந்தும் வேறோர் எச்சரிக்கை முன்பே வந்துவிடும். கைபேசியில் இவற்றுள் எது வந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது; ஏற்கெனவே சாலையில் இருந்தால் அடுத்த வெளியேற்றப் பாதையில் இறங்கி, கட்டிடம் உள்ள இடத்தில் நிற்க வேண்டும். சாலையோரத்தில் நிறுத்துவது போதாது. பின்னால் வருபவருக்கும் கண் தெரியாது.

அறிக்கையில் இடி என்ற சொல்லையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கணிப்பாளர் அதை எழுதாத நாளிலும் இடிக்கலாம். எழுதிய நாளில் பட்டை பக்கத்து ஊருக்கு நகர்ந்திருக்கலாம். மணிக்கு எத்தனை அங்குலம் என்ற அளவையும், பட்டை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நகரும் என்ற வாக்கியத்தையும் படிப்பதே பயன் தரும். பஃபலோ அலுவலகத்தார் தங்கள் கணிப்பின் காரணங்களைத் தினமும் விளக்கக் குறிப்பாக வெளியிடுகிறார்கள். அதில் காற்றின் திசையையும் மூடி அடுக்கின் உயரத்தையும் எழுதியிருப்பார்கள். மேலே நான் சொன்னவற்றை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் தங்கள் மகனுக்கு எல்லாம் விளங்கும்.

ஈரி ஏரி ஆழம் குறைந்தது. சராசரி 19 மீட்டரே. அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பாலும் உறைந்துவிடும். உறைந்தபின் ஈரமும் வெப்பமும் காற்றுக்குக் கிடைக்காமல் ஏரிப்பனி மிகவும் தளரும். சராசரி 86 மீட்டர் ஆழமுள்ள ஒண்டாரியோ ஏரி முழுதாக உறைவது அரிது என்பதால் அதன் கிழக்கே பங்குனி வரையிலும்கூடத் தொடரும். ஈரி ஏரி உறையாத குளிர்காலங்களில் பஃபலோவிலும் மாசி மாதம்வரை கவனமாகவே இருக்க வேண்டும்.

நம் நாட்டில் இப்படி நடக்குமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் மலைகளில் நடக்கும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் அங்கே பனியைக் கொண்டுவருகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தரை சற்று வெப்பமடைந்தபின் அவற்றோடு இடியும் சேர்ந்துகொள்கிறது. இந்திய வானிலைத் துறையின் அறிக்கையில் அம்மாநிலங்களுக்கு இடி மின்னலுடன் மழை அல்லது பனிப்பொழிவு என்று வருவதைத் தாங்களே பார்த்திருக்கலாம். நம் பக்கத்தில் மாஞ்சோலையோ பொதிகையோ பனிப்பொழிவுக்கு வேண்டிய உயரத்தில் இல்லை. மார்கழியில் ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது தரையின் மேல் படியும் உறைபனி. அது மேகத்திலிருந்து விழுவதன்று, ஆகவே அதற்கும் இடிக்கும் தொடர்பில்லை.